மாற்றுத்திறனாளிச் சான்று: புரோக்கர் பக்கம் போகாமல் வாங்குவது எப்படி

முதல் முறையாக மாற்றுத்திறனாளிச் சான்றுக்கு அலையப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விபத்தில் கால் இழந்தவராக இருக்கலாம், பக்கவாதம் வந்த அப்பாவுக்காக ஓடும் மகளாக இருக்கலாம், பிள்ளைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு இன்னும் மனசு ஆறாத தாயாக இருக்கலாம். உங்களுக்கு இரண்டு பக்கமும் இடி உண்டு. ஒரு பக்கம் நடைமுறை, இன்னொரு பக்கம் சந்தேகம். போலிச் சான்று காட்டி வேலைக்கும் கல்லூரி சீட்டுக்கும் போனவர்கள் இருப்பதால், உண்மையாகவே முடியாதவர்களையும் "இவர் நடிக்கிறாரோ" என்ற கண்ணோடு பார்க்கும் பழக்கம் அலுவலகங்களில் வந்துவிட்டது. இந்தச் சந்தேகத்துக்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே பதில் நேர்வழியில் வாங்கிய, பதிவேட்டில் இருக்கும் காகிதம். அதை எப்படி வாங்குவது, எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதுகிறேன். சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான்.

அந்தச் சட்டம் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்கிறது. பார்வை, செவித்திறன், கை கால் என்று கண்ணுக்குத் தெரிபவை மட்டும் அல்ல. மனநோய், ஹீமோஃபிலியா (ரத்தம் எளிதில் உறையாத நோய்), தலசீமியா (பரம்பரை ரத்தச்சோகை நோய்), பார்கின்சன், அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அரசு வேலையில் 4 சதவீதம், உயர்கல்வியில் 5 சதவீதம் ஒதுக்கீடு பெற, உங்கள் குறைபாடு 40 சதவீதம் என்ற கோட்டைத் தொட வேண்டும். அந்த 40-க்குத்தான் இத்தனை போராட்டமும், இத்தனை மோசடியும்.

எதற்காக அலைகிறோம் என்று முதலில் தெளிவாகுங்கள்

மூன்று விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி அலைச்சல். மருத்துவச் சான்று என்பது எந்தக் குறைபாடு, எத்தனை சதவீதம் என்று டாக்டர் எழுதித் தருவது. யுடிஐடி அட்டை என்பது அந்தச் சான்றை வைத்து மத்திய அரசு தரும் 18 இலக்க எண் கொண்ட அடையாள அட்டை. உதவித்தொகை என்பது தனி. அட்டை வந்துவிட்டால் மாதாமாதம் பணம் தானாக வங்கிக்கு வரும் என்று பலர் காத்திருக்கிறார்கள். வராது. அதற்குத் தனியாக மனுப் போட வேண்டும்.

சான்று மருத்துவமனையில், அட்டை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக, பணம் அந்த அலுவலகத்திலோ தாலுகா அலுவலகத்திலோ. யாராவது "நாளைக்கு வாங்க" என்றால், மூன்றில் எதற்காக நாளைக்கு வரச் சொல்கிறார் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

ஃபைல் தயார் செய்யுங்கள்

மருத்துவமனைக்குப் போகும் முன்பே ஒரு ஃபைல் போடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்கேன், ஆபரேஷன் குறிப்பு, பழைய ஓ.பி. சீட்டு, மருந்துச் சீட்டு எல்லாம் தேதி வாரியாக. பழைய சீட்டுகளைக் குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மனநோய்க்கான மதிப்பீட்டில் எத்தனை ஆண்டுகளாக நோய் இருக்கிறது என்பதற்கே தனி மதிப்பெண் உண்டு. பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு மருந்துச் சீட்டு உங்கள் சதவீதத்தை மாற்றக்கூடும்.

அடுத்தது பெயர். நம் ஊரில் இனிஷியல் தரும் தலைவலி சொல்லி மாளாது. ஆதாரில் அப்பா பெயர் பின்னால் நீட்டி இருக்கும், ரேஷன் கார்டில் ஒரு எழுத்து இனிஷியல், பள்ளிச் சான்றில் இரண்டு எழுத்து. பிறந்த தேதியும் அப்படியே. இந்தச் சின்ன வேறுபாடு பின்னாளில் "இது வேறு ஆளின் சான்றோ" என்ற கேள்வியாக வந்து நிற்கும். முதலில் ஆதாரைச் சரிசெய்துவிட்டு, அதே எழுத்துக்கூட்டலில் மற்ற எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். விரல் ரேகை விழாதவர்கள், விரல்களே இல்லாதவர்கள் ஆதார் மையத்தில் கருவிழிப் பதிவு கேட்கலாம். அதுவும் முடியாவிட்டால் விதிவிலக்கு முறையில் பதிவு செய்யச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு இடம் இருக்கிறது, "ரேகை விழலை, போங்க" என்று திருப்பி அனுப்ப முடியாது.

விண்ணப்பம்

சான்றுக்கும் அட்டைக்கும் மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். செல்போனிலேயே செய்யலாம், இல்லாவிட்டால் இ-சேவை மையம். அண்மையில் எடுத்த புகைப்படம், ஆதார், முகவரிச் சான்று, மருத்துவ ஆவணங்கள் வேண்டும். செல்போன் எண் கேட்கும் இடத்தில் உங்கள் எண்ணையோ உங்கள் வீட்டில் இருப்பவர் எண்ணையோ மட்டுமே கொடுங்கள். மையத்துக்காரர் எண்ணையோ, உதவிக்கு வந்தவர் எண்ணையோ கொடுத்தால் ஓ.டி.பி.யும் தகவலும் எல்லாம் அங்கே போகும். அப்புறம் ஒவ்வொரு முறையும் அவரைத் தேடித்தான் போக வேண்டும். விண்ணப்ப எண் உள்ள ரசீதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: நீங்கள் வசிக்கும் மாவட்டத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதில்லை. சிகிச்சை எடுத்த அரசு மருத்துவமனையிலும் சான்று கேட்க விதியில் இடம் இருக்கிறது. விழுப்புரத்துக்காரர் சென்னை அரசு மருத்துவமனையில் வருடக்கணக்கில் வைத்தியம் பார்த்திருந்தால், கேஸ் ஷீட் அங்கேதான் இருக்கும், அங்கேயே கேட்பது நல்லது. பிள்ளைகளுக்காகப் பெற்றோரும், தானே போக முடியாதவருக்காகப் பாதுகாவலரும் விண்ணப்பிக்கலாம். ஒரு இடத்தில் வாங்கிய சான்று இந்தியா முழுவதும் செல்லும்.

முன்பு ஒரு மாதத்துக்குள் சான்று தர வேண்டும் என்று விதி இருந்தது. 2024 அக்டோபரில் திருத்தம் செய்து மூன்று மாதம் ஆக்கிவிட்டார்கள். அந்தத் திருத்தம் வந்த நேரத்தைக் கவனியுங்கள். அதற்குச் சில மாதம் முன்புதான், மாற்றுத்திறனாளிச் சான்றில் மோசடி செய்தார் என்று குற்றம் சாட்டப்பட்ட, மகாராஷ்டிராவில் பயிற்சியில் இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி பூஜா கேத்கர் விவகாரம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. யு.பி.எஸ்.சி. 2024 ஜூலை 31-இல் அவர் தேர்வை ரத்து செய்தது, செப்டம்பரில் மத்திய அரசு அவரைப் பணியிலிருந்து விடுவித்தது. குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார். வழக்கு எப்படி முடிந்தாலும், அந்த வாரங்களில் சமூக ஊடகங்களில் அடி வாங்கியவர்கள் யார் என்று பாருங்கள். மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் தேர்வாகியிருந்த, அந்த விவகாரத்துக்குச் சம்பந்தமே இல்லாத பலரின் படத்தையும் வீடியோவையும் போட்டு "இவர் நன்றாகத்தானே நடக்கிறார்" என்று எழுதினார்கள். ஒருவர் மேல் எழுந்த சந்தேகத்துக்கு ஒரு கூட்டமே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

டாக்டர் முன்னால்

இதுதான் முக்கியமான நாள். இங்கே நிதானமாகப் படியுங்கள்.

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம். வீட்டில் விடிய விடிய வலியில் கத்தியிருப்பார். டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதும், "பரவாயில்லைங்க சார், ஏதோ ஓடுது" என்பார். மரியாதைக்காகச் சொல்வது அது. ஆனால் டாக்டர் எழுதுவது அதைத்தான். "சட்டை நீங்களே போட்டுக்குவீங்களா?" என்றால் "போட்டுக்குவேன் சார்". அரை மணி நேரம் ஆகும், கடைசி இரண்டு பட்டனை மனைவி போட்டுவிடுவார் என்பதைச் சொல்ல மாட்டார். பிள்ளையைக் கூட்டி வந்த அம்மாவிடம் "சாப்பிடுவானா?" என்றால் "நல்லா சாப்பிடுவான் டாக்டர்" என்பார், ஊட்டிவிடுவது தான்தான் என்பதை மறந்து. அவருக்கு அது வேலையாகவே தெரியாது, அவ்வளவு வருடமாகச் செய்கிறார்.

ஆகவே, முந்தின இரவு ஒரு தாளில் எழுதுங்கள். காலையில் எழுவதிலிருந்து படுப்பது வரை எதற்கெல்லாம் இன்னொரு கை வேண்டியிருக்கிறது? எதைச் செய்தால் அப்புறம் எவ்வளவு நேரம் படுக்க வேண்டியிருக்கிறது? மாதத்தில் எத்தனை நாள் மோசம்? வலிப்பு, மூட்டில் ரத்தக்கசிவு, மனச்சோர்வு போன்றவை வந்து வந்து போகும். நீங்கள் மருத்துவமனைக்குப் போகும் நாள் நல்ல நாளாக இருந்துவிட்டால் உங்கள் நோயே அவர்கள் கண்ணில் படாது. எழுதிக்கொண்டு போன தாள்தான் அப்போது பேசும்.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். கூட்டிச் சொல்லாதீர்கள். வாசலில் யாராவது "உள்ளே போனதும் சுத்தமா கையைத் தூக்காதே, அப்பதான் குடுப்பாங்க" என்று பாடம் சொல்லிக் கொடுப்பார்கள். தசையின் பலத்தை, மூட்டு மடங்கும் அளவைத் தினமும் பார்க்கிறவர்கள் டாக்டர்கள். நடிப்பு தெரிந்துவிடும். ஒரு இடத்தில் பொய் என்று பட்டால், மீதி உண்மை முழுவதும் பொய்க் கணக்கில் போய்விடும். உள்ளதை உள்ளபடி, முழுசாகச் சொன்னால் போதும்.

காது கேளாதவர்களுக்கு ஒன்று. ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் கை தூக்கச் சொல்லும் சோதனை முதலில் நடக்கும். அது நாம் சொல்லும் பதிலை நம்பி நடக்கும் சோதனை என்பதால், சந்தேகம் வந்தால் பெரா என்ற சோதனைக்கு அனுப்புவார்கள். தலையில் மின்முனைகளை ஒட்டி, ஒலிக்கு நரம்பு எப்படிப் பதில் தருகிறது என்று கருவியே பதிவு செய்யும். கேட்காதது போல நடித்துச் சான்று வாங்கியவர்களால்தான் உண்மையில் கேட்காதவரும் இந்தச் சோதனைக்காக வேறு ஊருக்குக்கூடப் போக வேண்டியிருக்கிறது. கோபம் வரும், நியாயமான கோபம். ஆனால் மறுக்காதீர்கள். பெரா அறிக்கை ஒருமுறை ஃபைலில் ஏறிவிட்டால், பின்னால் எந்த அலுவலகமும் உங்கள் காதைப் பற்றி எளிதில் கேள்வி எழுப்ப முடியாது. காதொலிக் கருவி, செயற்கைக் கால், ஊன்றுகோல் எது பயன்படுத்தினாலும் கையோடு கொண்டுபோங்கள்.

சைகை மொழி பேசுபவரோடு அதை மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும் என்று முன்பே எழுதிக் கேளுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து வராந்தாவில் கிடத்தி, டோக்கன் எண் வரும்வரை காத்திருக்க வைக்கும் கொடுமை இன்னும் நடக்கிறது. வீட்டிலோ அருகில் நடக்கும் முகாமிலோ வந்து பார்க்கும்படி மாவட்ட ஆட்சியருக்கு மனுக் கொடுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் இதற்கு நல்ல இடம். மனுவுக்கு ரசீது எண் தருவார்கள்.

சதவீதக் கணக்கு

சதவீதம் டாக்டரின் மனம்போல் போடுவதல்ல. மத்திய அரசு அரசிதழில் வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. 2018-இல் வந்தவை, 2024 மார்ச்சில் திருத்தியவை. அதில் இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் ஏமாற்றம் குறையும்.

ஒன்று, கேட்கக் கொடுமையாக இருந்தாலும் உண்மை: ஒரு கண் முழுவதும் போய், இன்னொரு கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான். 40-ஐத் தொடாது. ஒரு கண் இல்லாமல் லாரி ஓட்ட முடியாது, பல வேலைக்கு எடுக்க மாட்டார்கள், ஆனால் ஒதுக்கீடும் கிடையாது. இந்த இடைவெளியில்தான் புரோக்கர் புகுந்து "நாற்பதாக்கித் தர்றேன்" என்கிறான்.

இரண்டாவது, கூட்டல் முறை. உங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு இருந்தால் சும்மா கூட்ட மாட்டார்கள். பெரிய எண்ணை எடுத்து, 90-இல் மீதி எவ்வளவு என்று பார்த்து, சிறிய எண்ணை அதால் பெருக்கி 90-ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். காலுக்கு 40, பார்வைக்கு 30 என்றால் 70 வராது. 40-ஐ 90-இல் கழித்தால் 50. அதை 30-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 17. மொத்தம் 57. "எழுபது வரணுமே, குறைச்சுட்டாங்க" என்று சண்டைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இதே கணக்கு உங்களுக்கு உதவியும் செய்யும். ஒரு கண் போனவருக்கு 30. அதே விபத்தில் காலும் அடிபட்டு, அதற்கு 30 வருகிறது என்று வையுங்கள். தனித்தனியாக இரண்டும் கோட்டுக்குக் கீழே. சேர்த்துக் கணக்கிட்டால் 50. ஆனால் கண் டாக்டரிடம் மட்டும் போய் வந்தவருக்கு 30 என்றே சான்று வரும், யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். அதனால் உடம்பில் எத்தனை பாதிப்பு இருக்கிறதோ அத்தனையையும் விண்ணப்பத்தில் எழுதி, பல்வகைக் குறைபாடு என்று மதிப்பிடக் கேளுங்கள்.

சான்று கைக்கு வந்ததும் அங்கேயே படியுங்கள்

பெயர், பிறந்த தேதி, எந்தக் கால், எந்தக் கண் (இடது வலது மாறிப்போவது சகஜம்), சதவீதம், டாக்டரின் கையெழுத்தும் பதிவு எண்ணும், உங்கள் படத்தின் மேல் முத்திரை. படிவ எண்ணையும் பாருங்கள். உறுப்பு துண்டிப்பு, முழுமையான நிரந்தர வாதம், குள்ளத்தன்மை, பார்வையின்மை ஆகியவற்றுக்குப் படிவம் 5. பல்வகைக் குறைபாட்டுக்கு 6. மற்றவற்றுக்கு 7.

நிரந்தரமா, தற்காலிகமா என்பது அதைவிட முக்கியம். தற்காலிகம் என்றால் காலாவதித் தேதி இருக்கும். அதைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 5 வயதில், 10 வயதில், 18 வயதில் மறுபடி மதிப்பீடு உண்டு. தேதி முடிந்த சான்றைக் காட்டிச் சலுகை வாங்கினால் உங்களுக்கு அது மறதி, பார்க்கிறவருக்கு அது மோசடி.

அட்டை நிறத்தைப் பார்த்தும் சதவீதம் சொல்லிவிடலாம்: 40-க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். அட்டை தபாலில் வரத் தாமதமானால் மின் அட்டையைத் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

புரோக்கர்

அரசு மருத்துவமனை எதிரே டீக்கடையிலோ ஜெராக்ஸ் கடையிலோ அவன் இருப்பான். நல்லவனாகத்தான் பேசுவான். "அம்மா, நீங்க எதுக்கு அலையணும், கொடுங்க, நான் முடிச்சுத் தர்றேன்." முடியாத உடம்போடு ஐந்து முறை பஸ் ஏறி இறங்கியவருக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கும். அதனால் பணம் கொடுப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என்ன ஆபத்து என்று மட்டும் சொல்கிறேன்.

அவன் கொண்டுவந்து தரும் காகிதத்தில் முத்திரை இருக்கும், கையெழுத்து இருக்கும், எல்லாம் அசலாகவே தெரியும். ஆனால் மருத்துவமனைப் பதிவேட்டில் அந்த எண் இருக்காது. இருந்தாலும் வேறு ஒருவர் பெயரில் இருக்கும். நீங்கள் உண்மையிலேயே போலியோவால் கால் சூம்பியவர், எவ்வளவு குறைத்துப் போட்டாலும் கோட்டைத் தாண்டி வரக்கூடியவர். ஆனாலும் உங்கள் கையில் இருப்பது போலிச் சான்று. நான்கு வருடம் கழித்து, வேலை கிடைத்து, சரிபார்ப்புக்காக அந்தச் சான்று மருத்துவமனைக்குத் திரும்பிப் போகும்போது "எங்கள் பதிவில் இல்லை" என்று பதில் வரும். அந்த இடத்தில் உங்கள் காலை யாரும் பார்க்க மாட்டார்கள். காகிதத்தைத்தான் பார்ப்பார்கள். சட்டத்தின் 91-ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கான பலனை மோசடியாகப் பெற்றாலோ பெற முயன்றாலோ இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. போலி ஆவணத்துக்கான குற்றப் பிரிவுகள் அதற்கு மேல். புரோக்கர் அதற்குள் செல்போன் எண்ணை மாற்றியிருப்பான்.

மதிப்பீட்டுக்கு நீங்கள் நேரில் போகாமல் ஒரு சான்று வந்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ஏற்கெனவே அப்படி ஒன்று கையில் இருந்து, அது சரியானதா என்று சந்தேகம் இருந்தால் அதை எங்கும் காட்டாமல் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசமாகவே வழக்கறிஞர் கிடைப்பார்.

கூட ஆள் வேண்டும் என்றால் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தை நாடுங்கள். பெரும்பாலான மாவட்டங்களில் சங்கத்தோழர்கள் இருக்கிறார்கள், ஏற்கெனவே இதே வராந்தாவில் நின்றவர்கள். தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் வந்திருக்கும் விழுதுகள் மையங்கள் அருகில் இருந்தால் அங்கேயும் கேளுங்கள்.

பணம்

மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருவது பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தொழுநோய் பாதிப்பு இவற்றுக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். கை கால் கடும் பாதிப்பு என்ற வகைக்கு 75 சதவீதம் வேண்டும். வருவாய்த்துறை தருவது மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 2023 ஜனவரியில் 1,000-இலிருந்து 1,500 ஆனது. இதற்கு இ-சேவையில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாக சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஓய்வூதியத்துக்கு 80 சதவீதக் குறைபாடும் வறுமைக்கோட்டுக்குக் கீழ் என்ற நிலையும் வேண்டும். 80 வயதுக்குட்பட்டவருக்கு அதில் மத்திய அரசின் பங்கு இத்தனை வருடமாக 300 ரூபாயிலேயே நிற்கிறது. பக்கத்து ஆந்திராவில் 2024 ஜூலையில் 3,000-இலிருந்து 6,000 ஆக்கினார்கள். இங்கே சங்கங்கள் அதைச் சொல்லித்தான் தெருவில் உட்கார்ந்து போராடுகின்றன. 1,500 ரூபாயில் ஒரு மனிதர் டயப்பர் வாங்குவாரா, மாத்திரை வாங்குவாரா?

கவனம் தேவைப்படும் இடம் ஒன்று. இரண்டு துறைகளில் ஒரே ஆள் இரண்டு தொகை வாங்கக் கூடாது. கிராமத்தில் தெரியாமலே நடக்கும். கணவனை இழந்த பெண் விதவை ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருப்பார், பிறகு கண் போய் இன்னொரு மனுவும் போட்டிருப்பார். எது ஏற்கெனவே வருகிறது என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள், எது அதிகமோ அதற்கு மாற்றித் தருவார்கள். தொகை வாங்கியவர் இறந்துபோனால் வி.ஏ.ஓ.விடம் எழுத்தில் சொல்லுங்கள். ஏ.டி.எம். கார்டு வீட்டில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் மொத்தமாகத் திரும்பக் கேட்பார்கள்.

பணம் அல்லாத சலுகைகளையும் விடாதீர்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் துணைக்கு ஒருவரோடு கட்டணமின்றிப் போகலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 வயது ஆனதும், பெற்றோரே ஆனாலும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பாதுகாவலர் சான்று வாங்குங்கள். ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு தரும். வங்கியில் அவர் பெயரில் கணக்கு நடத்த அது தேவைப்படும்.

நிராகரித்தால், குறைத்தால்

வாய்மொழியாக "உங்களுக்குக் கிடையாதும்மா" என்று சொல்வதை ஏற்றுக்கொண்டு திரும்பாதீர்கள். காரணத்தை எழுத்தில் தரவேண்டும், அதற்கென்றே தனிப் படிவம் இருக்கிறது. எழுத்தில் இருந்தால் சட்டத்தின் 59-ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். எழுத்தில் இல்லாவிட்டால் எதை எதிர்த்து முறையிடுவது? மனு நகர்கிறதா என்று தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். "ஏன் தாமதம்" என்று கேட்காமல், உங்கள் மனுவின் மேல் எழுதப்பட்ட அலுவலகக் குறிப்புகளின் நகலைக் கேளுங்கள். அதற்குமேல் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார்.

40-ஐத் தொடாதவர்களுக்கும் உரிமை இல்லாமல் போகவில்லை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒருவருக்குக் குடிமைப் பணித் தேர்வில் எழுத ஆள் தர மறுத்தார்கள். 2021 பிப்ரவரி 11-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 40 சதவீதம் இல்லை என்பதற்காக அதை மறுக்கக் கூடாது என்றது. சிலர் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற பயத்தைக் காட்டி உரிமையை மறுக்கும் வாதத்தையும் ஏற்கவில்லை. தேர்வு அலுவலகத்தில் தகராறு என்றால் இந்தத் தீர்ப்பின் நகலை நீட்டுங்கள்.

போலி என்று தெரிந்தால்

புகார் செய்யுங்கள், அது உங்கள் இடத்தைத் திருடிய குற்றம். ஆனால் கண்ணால் பார்த்ததை வைத்து முடிவுகட்டாதீர்கள். சக்கர நாற்காலியில் வருபவர் நான்கு எட்டு நடக்கவும் கூடும். மாற்றுத்திறனாளிகளுக்கான பஸ் சீட்டில் உட்கார்ந்திருக்கும் இளைஞனுக்கு ஹீமோஃபிலியா இருக்கலாம். உங்களையே இப்படிப் பார்த்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். வீடியோ எடுத்துப் போடுவது புகார் ஆகாது. சான்று எண், தேதி, எந்த அலுவலகத்தில் காட்டப்பட்டது என்ற விவரத்தோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும், சான்று கொடுத்த மருத்துவமனைக்கும் எழுதுங்கள். வாங்கியவரை மட்டும் அல்ல, விற்ற புரோக்கரையும் உடந்தையாக இருந்த ஊழியரையும் விசாரிக்கக் கேளுங்கள். வாங்கியவர் மாட்டினால் ஒரு செய்தி வரும், விற்றவர் மாட்டாவிட்டால் கடை அப்படியே நடக்கும்.

மறு சரிபார்ப்பு நோட்டீஸ் வந்தால்

இது எப்போது வேண்டுமானாலும் வரலாம். 2025-இல் ஆந்திராவில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வாங்குவோரை மறுபடி பரிசோதித்துப் பலருக்குத் தகுதியில்லை என்று நோட்டீஸ் அனுப்பினார்கள். வருடக்கணக்கில் வாங்கிவந்த உண்மையானவர்களும் அதில் சிக்கி, போராட்டம் வெடித்து, பிறகுதான் மேல்முறையீட்டுக்கு வழி விட்டார்கள். போலிகளை நீக்க வேண்டியதுதான். ஆனால் நிரூபிக்கும் பாரத்தை முழுக்கப் படுக்கையில் கிடப்பவர் தலையில் வைப்பது நியாயமில்லை.

நோட்டீஸ் வந்தால் பதறி அதைக் கிழித்துப் போடவும் வேண்டாம், புரோக்கரிடம் ஓடவும் வேண்டாம். பதில் தர எந்தத் தேதி வரை நேரம் என்று முதலில் பாருங்கள். சான்று, அட்டை, முதல் நாள் தொடங்கி வைத்த அந்த ஃபைல், இப்போதைய சிகிச்சைச் சீட்டு எல்லாவற்றின் நகலோடும் பதில் எழுதுங்கள். நேரில் வர உடம்பு இடம் தராவிட்டால் அதையும் எழுதி, வீட்டில் வந்து பார்க்கக் கேளுங்கள். முடிவு தெரியும்வரை தொகையை நிறுத்த வேண்டாம் என்று தனி வரியில் கோருங்கள். அசல் எதையும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும். பதிலைப் பெற்றுக்கொண்டதாக உங்கள் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.